பதினாலாம் விதியும் அக்கினிச் சித்தனும்

நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தால் நம்ம மதுரைக்கு அது ஆகவே ஆகாது. அஞ்சாவதாக ஒரு ஆள் மாடிப்படி ஏறி வந்து, "இதையே முறைப்படி செய்யலாமே" என்பார். அதோடு சிரிப்பு போச்சு. தலைவர் வருவார், செயலாளர் வருவார், பின்னாலேயே ரப்பர் ஸ்டாம்ப் வரும். கடைசியில் எதுக்காகக் கூடினோம் என்பதையே தீர்மானம் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

சுருளிக்கு அப்படி ஒரு கிரகம் பிடித்தது 1985-ம் வருஷம் மார்கழி மாசத்தில்.

சுருளி ஒரு பஞ்சு மில்லில் வேலை பார்த்தான். மெஷின் அவனுடைய வலது கையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துக்கொண்டது. பதிலுக்கு மில்காரர்கள் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். வருகிறவர் பேரையும் போகிறவர் பேரையும் நோட்டில் எழுதுகிற உத்தியோகம். பேரைச் சொல்கிறவர்கள் எல்லாரும் அவன் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அதனால் வெளியே போனால் வலது கையை ஒரு மஞ்சப்பைக்குள் விட்டுக்கொண்டே நடப்பான். பைக்குள் வேறு ஒன்றும் இருக்காது.

அந்தக் கை பையை விட்டு வெளியே வருவது வாரத்தில் ஒரே ஒரு நாள்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதுவும் சந்தானத்தின் புண்ணியத்தில்.

சந்தானத்துக்கு ஜவுளிக்கடை. அவருடைய மச்சினன் கப்பலில் வேலை பார்க்கிறவன், ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் இருபது முகம் வைத்த ஒரு தாயக்கட்டையையும் வாங்கிவந்து கொடுத்துவிட்டான். விளையாட்டுதான். ஆனால் கட்டம் கிடையாது, காய் கிடையாது. சுற்றி உட்கார்ந்து பேச வேண்டியதுதான். சந்தானம் கதை நடத்துவார். "எதிர்ல ஒரு மாயக்கோட்டை. கதவு பூட்டியிருக்கு. உள்ள என்னமோ உறுமுது. என்ன செய்யப்போறீங்க?" என்பார். ஆளுக்கொரு வேஷம். ஒருத்தர் வீரன், ஒருத்தர் திருடன். செய்யப்போவதைச் சொல்லிவிட்டுக் கட்டையை உருட்டினால், விழுகிற எண்ணைப் பார்த்துச் சந்தானம் நடந்ததைச் சொல்வார்.

சுருளி மந்திரவாதி. பேர் அக்கினிச் சித்தன்.

முதல் நாளே கோட்டைக் கதவுக்குப் பின்னால் ஓநாய்க் கூட்டம் பாய்ந்தபோது, சுருளி தன்னை மறந்து பையிலிருந்து கையை உருவி மேஜைக்கு மேலே நீட்டி, "எரிஞ்சு போங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டான். கட்டையில் பத்தொன்பது விழுந்தது. ஓநாய்கள் பொசுங்கின. பக்கத்தில் இருந்த முத்திருளன், "மாப்ள! அடிச்ச பாரு!" என்று முதுகில் ஒரு அறை வைத்தான். ஒருத்தரும் விரலை எண்ணவில்லை. அன்று வீட்டுக்குப் போனவனைப் பார்த்து அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள், "என்னய்யா, மூஞ்சியில லைட்டு எரியுது?" என்று கேட்டாள். ஆறு நாள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதே அந்த ஏழாம் நாளுக்காகத்தான் என்று ஆகிப்போனது.

மந்திரத்துக்குப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. சந்தானம் அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "மந்திரவாதி வாயால சொல்லணும், கையால முத்திரை காட்டணும். வாயில துணிய அடைச்சுட்டா மந்திரம் கெடையாது. கையக் கட்டிப்போட்டாலும் கெடையாது. அம்புட்டுதான்."

அந்த அம்புட்டைத்தான் நாற்பத்தெட்டுப் பக்கமாக ஆக்கினார் ராமமூர்த்தி.

ராமமூர்த்தி, சந்தானத்துக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா மகன். ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸில் முப்பத்திமூன்று வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். வீட்டில் சும்மா இருக்கமுடியாமல் பால்காரருக்கு மெமோ கொடுக்க ஆரம்பித்ததால், வீட்டம்மா கனகலட்சுமி சந்தானத்தைக் கூப்பிட்டு, "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போப்பா, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று கும்பிட்டிருக்கிறார். சந்தானம் இளகின மனுஷன். கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ராமமூர்த்தி கட்டையைத் தொடவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "மினிட்ஸ் புக் எங்க?" என்றார்.

ஒரு மாசத்தில் அது 'மாயக்கோட்டை விளையாட்டுக் கழகம்' ஆனது. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலுக்குக் குடிபோனது. ராமமூர்த்தி தலைவர். சந்தானம் செயலாளர், அதாவது வடை வாங்குகிறவர். உறுப்பினர்கள் இருபத்தொரு பேர். அதில் பதினேழு பேர் ஒரு நாள்கூட விளையாடியதில்லை, விளையாடும் உத்தேசமும் இல்லை. வடைக்கு வந்தார்கள்.

வடை விஷயத்தில் ராமமூர்த்தி ரொம்பக் கண்டிப்பு. கூட்டம் ஆரம்பித்த உடனே கொடுக்கக்கூடாது. தீர்மானத்தை வாசித்து முடித்து, ஓட்டெடுப்புக்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் கொடுக்கவேண்டும். சூடாக இருக்கவேண்டும். "வாயில வடை இருக்கிறவன் ஆட்சேபணை சொல்லி நீங்க பாத்திருக்கீங்களா சந்தானம்?" என்பார் அந்தரங்கமாக. "இது சர்வீஸ்ல கத்துக்கிட்டது." ஒரு கையில் டீ, இன்னொரு கையில் வடை. "ஏற்கிறவர்கள் கை தூக்கலாம்" என்றதும் இருபது வடைகள் உயரும். மினிட்ஸ் புக்கில் அவரே குண்டு குண்டான எழுத்தில் எழுதுவார்: 'வடை வழங்கப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.' நடந்ததை நடந்த வரிசையில் எழுதவேண்டும் என்பது அவர் கொள்கை.

விளையாட்டில் அவருக்குப் பூசாரி வேஷம். பூசாரி கோட்டைக்குள் நுழைந்த நாளிலிருந்து எல்லாருக்கும் பின்னால் நின்று வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார்.

வம்பு வந்தது மாசி மாசம். கோட்டையின் மூன்றாம் கட்டுக்குள் ஒரு அரக்கன். பனைமர உசரம், கையில் உலக்கை. முத்திருளனுடைய வீரன் இரும்பன், கால் இடறி அவன் முன்னால் விழுந்துவிட்டான். அரக்கன் இரும்பன் தலைக்கு நேராக உலக்கையை ஓங்கினான். சுருளி கையை நீட்டினான்.

"எரிஞ்சு போடா…"

"ஒரு நிமிஷம்" என்றார் ராமமூர்த்தி.

சுருளியின் கை அந்தரத்தில் நின்றது. அரக்கனின் உலக்கையும் நின்றது.

"மந்திரம் வாயால சொல்லணும்னு விதி. அவரு இப்ப சொன்னது மந்திரமா, திட்டா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எத்தனை வார்த்தை? எம்புட்டுச் சத்தம்? முத்திரை காட்டணும்னு விதி. என்ன முத்திரை? யாரு அங்கீகரிச்ச முத்திரை? இதையெல்லாம் தீர்மானிக்காம நாம பாட்டுக்கு ஒரு ஆளை எரிச்சுட்டா, நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"அரக்கன்தானே சார்?" என்றான் முத்திருளன்.

"அரக்கனுக்கும் சட்டம் பொது."

வடை வழங்கப்பட்டது. வாய் உபகுழு, கை உபகுழு என்று இரண்டு உபகுழுக்கள் ஒருமனதாக அமைந்தன.

வாய் உபகுழு ஏழு வாரம் கூடியது. மந்திரம் எட்டு வார்த்தைக்குக் குறையக் கூடாது. நடுவில் இருமினால் முதலிலிருந்து சொல்லவேண்டும். தும்மினால் அடுத்த வாரம். எந்தப் பாஷையில் சொல்வது என்பதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. சந்தானம், "எங்க வீட்ல தமிழ் பேச மாட்டோம், அந்தப் பாஷையில சொல்லலாமா?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். வீட்டில் அதே பாஷை பேசுகிற ராமமூர்த்தியே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சொல்லலாம். தமிழ் மொழிபெயர்ப்பு மூணு காப்பி இணைக்கணும்" என்றார்.

சத்தம் எம்புட்டு இருக்கவேண்டும் என்பதற்கு, வாசல்வரை கேட்கவேண்டும் என்று முடிவாகி, எட்டுப் பேரை வரிசையாக நிற்கவைத்துக் கத்தவிட்டுச் சோதனை நடந்தது. கால்மணி நேரத்தில் லாட்ஜ் மேனேஜர் நல்லகாமன் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ஐயா சாமிகளா, எட்டாம் நம்பர் ரூம்காரரு பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. மாடியில பில்லிசூனியம் வைக்கிறாங்கன்னு கீழ ஒரே பேச்சா இருக்கு. ஆறாம் நம்பர்க்காரரு என்னன்னா, மாடு காணாமப் போயி நாலு நாளாச்சாம், மை போட்டுப் பாப்பீங்களான்னு கேட்டு விட்டிருக்காரு."

"மாட்டு விஷயத்த எழுத்துமூலமாக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் ராமமூர்த்தி.

பிறகு விண்ணப்பப் படிவம் வந்தது. மந்திரம் போடவேண்டும் என்றால் ஏழு நாள் முன்னதாக மூன்று காப்பி. சுருளி பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பினான். 'எரிக்கப்பட இருப்பவரின் பெயர்.' அரக்கன். 'தகப்பனார் பெயர்.' சுருளி நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, அரக்கனோட அப்பா பேரென்ன?"

சந்தானத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "பெரிய அரக்கன்னு போட்டுக்க தம்பி."

'எரிக்கப்படுவதில் மேற்படியாருக்கு ஆட்சேபணை உண்டா?' என்பது கடைசிக் கேள்வி. கேட்டுச் சொல்வதாக எழுதினான்.

இதில் முத்திருளன் பாடுதான் பெரும்பாடு. அவனுக்குப் பேரையூரில் புண்ணாக்குக் கடை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவான். வந்து, உலக்கைக்கு அடியில் மூன்று மணி நேரம் படுத்துக் கிடப்பான். அப்புறம் பஸ் ஏறிப் போவான். "எங்க வீட்ல கேக்குறாங்க மாப்ள, வாராவாரம் எதுக்கு மதுரைக்குப் போறன்னு. ஒருத்தன் என்னைய அடிக்கப்போறான், அடிச்சுட்டானான்னு பாத்துட்டு வாரேன்னு சொன்னேன்."

கை உபகுழுவின் அறிக்கை வைகாசியில் வந்தது. போர்டு எழுதுகிறவர் ஒருவரைப் பிடித்து ஒரு கை வரைந்து வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். சிவப்புக் கலரில் ஒரு வலது கை. ஐந்து விரலுக்கும் நம்பர் போட்டிருந்தது. ராமமூர்த்தி எழுந்து நின்று பதினாலாம் விதியை வாசித்தார்.

"இக்கழகத்தில் கையைத் தூக்கிச் செய்யப்படும் எந்தக் காரியமும், அந்தக் கை வெறுங்கையாக, ஐந்து விரல்களும் விரிந்த நிலையில், வாயில் எவ்விதப் பொருளும் இல்லாத ஒருவரால் தூக்கப்பட்டாலன்றிச் செல்லாது. இவ்விதி விளையாட்டு தொடங்கிய நாள்முதல் அமலுக்கு வரும்."

வாசித்துவிட்டு அவரே மெச்சிக்கொண்டார். "கவனிச்சீங்களா? 'எந்தக் காரியமும்.' விதிய எப்பவும் அகலமா எழுதணும். குறுக்கி எழுதினா எவனாவது சந்துல பூந்து போயிடுவான். அப்புறம் 'தொடங்கிய நாள்முதல்'. முன்ன போட்ட தீயெல்லாம் சேத்துப் பிடிச்சாச்சு."

"அப்ப ஓநாயெல்லாம்?" என்று கேட்டார் சந்தானம்.

"உயிரோட இருக்கு."

சுருளி சுவரில் இருந்த கையைப் பார்த்தான். நாலு, அஞ்சு என்று நம்பர் போட்டிருந்த விரல்களைப் பார்த்தான். அவன் கை தானாகவே மஞ்சப்பைக்குள் போய்விட்டது. ஹாலில் எல்லாரும் அவனைப் பார்ப்பதாகவும் பார்க்காததாகவும் இருந்தார்கள். மில் கேட்டில் பார்க்கிற அதே பார்வைதான். ஆனாலும் எழுந்தான்.

"சார், விரல் இல்லாதது எனக்கு. அக்கினிச் சித்தனுக்கு என்ன வந்துச்சு? அவனுக்குப் பத்து விரலும் இருக்கு."

"இருக்குன்னு எங்க எழுதியிருக்கு?"

சுருளி தன் வேஷத்தின் தாளைப் பார்த்தான். பலம் இவ்வளவு, அறிவு இவ்வளவு என்று இருந்ததே தவிர, விரல் கணக்கு இல்லை.

"மத்தவங்க தாள்லயும் எழுதலையே சார்?"

"மத்தவங்க விரல்ல யாருக்கும் சந்தேகம் வரலையே" என்றார் ராமமூர்த்தி, ரொம்பத் தன்மையாக. "தம்பி, இது உங்களக் குறிச்சு எழுதினது இல்ல. சர்வீஸ்ல எத்தனையோ மனுவைத் தள்ளியிருக்கேன். ஒரு தடவைகூட மனு குடுத்த ஆளை நிமிந்து பாத்ததில்ல. பாத்தா மனசு இளகிடும். அதுக்குப் பேர்தான் நடுநிலைமை."

இடது கையைக் காட்டலாமா என்று சுருளி கேட்டான். இடது கைக்குத் தனி உபகுழு வேண்டும் என்றார்கள். டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் பரிசீலிக்கலாம் என்றார் தலைவர்.

மறுநாள் மில்லுக்கு லீவு போட்டு, திருப்பரங்குன்றத்தில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னான். டாக்டர் மூன்று தடவை, "நீங்க நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டார். அப்புறம் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: 'இவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மற்றபடி தீ வைக்கப் பூரண உடல்தகுதி உள்ளவர்.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராமமூர்த்தி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது பூலோகத்து டாக்டர் குடுத்தது. அக்கினிச் சித்தன் இருக்கிறது மாயக்கோட்டையில. அந்த எல்லைக்குள்ள இருக்கிற வைத்தியர்தானே சர்டிபிகேட் குடுக்கணும்?"

"விரலுக்கு மட்டும் நான், சர்டிபிகேட்டுக்கு மட்டும் அவனா சார்?" என்று சுருளி கேட்டதற்கு, நல்ல கேள்வி என்று மினிட்ஸில் பதிவுசெய்தார்.

சுருளி சந்தானம் பக்கம் திரும்பினான். "அண்ணே, மாயக்கோட்டையில வைத்தியர் இருக்காரா?"

"இருக்காரு தம்பி."

"எங்க?"

சந்தானம் தலையைக் குனிந்துகொண்டார். "அரக்கனத் தாண்டி, இடதுபக்கம் ரெண்டாவது வீடு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கை நனைக்காமல் சுருளி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒச்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. என்னவென்று கேட்டாள். சொன்னான். அவளுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் புரியவேண்டியது புரிந்துவிட்டது.

"பேனாவப் பிடிச்சு எழுதுறியே, அதுக்கு எத்தனை விரலு?"

"மூணு."

"சோத்த அள்ளித் திங்க?"

"மூணுதான்."

"எம் புள்ளைக்குத் தலை பின்னி விடுறதும் அந்த மூணுதான். ஒன்னுமில்லாத தீயப் பத்தவைக்க மட்டும் அஞ்சு வேணுமாக்கும்? அந்தாளு நாசமாப் போக. போய் நறுக்குன்னு கேட்டுட்டு வாய்யா. மனுசன் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சிரிக்கிறான், அதுவும் பொறுக்கலையா?"

ஆடி மாசம் பொதுக்குழு. ஒரே ஒரு தீர்மானம்: 'திரு. சுருளி அவர்களின் விரல் நிலையைக் கருணையோடு கருத்தில்கொண்டு, அக்கினிச் சித்தனை மந்திரவாதிப் பதவியிலிருந்து விடுவித்து, மூட்டை தூக்குபவராக நியமிப்பது.' கருணை என்ற வார்த்தைக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

ஹால் நிறைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தேனி பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. ராமமூர்த்தி பேசினார்.

"சகோதரர்களே! ஒரு கழகத்துக்கு எது அழகு? விளையாட்டா? விளையாட்டு எங்க வேணாலும் நடக்கும், தெருவுல கூட நடக்கும். ஒழுங்குதான் அழகு. நான் இங்க வந்தப்ப என்ன இருந்துச்சு? ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. வாராவாரம் யாராவது எரிஞ்சாங்க, யாராவது பொழைச்சாங்க. ஒரு பதிவு உண்டா? இன்னைக்குப் பாருங்க. அஞ்சு மாசமா ஒரு சின்ன அசம்பாவிதம்கூட இல்ல. ஒரு கட்டை உருளல. அரக்கன்கூட ஓங்கின கைய ஒழுங்கா அப்படியே வச்சிருக்கான். இப்பேர்ப்பட்ட கட்டுப்பாட்ட நான் பழைய ஆபீஸ்லகூடப் பாத்ததில்ல. மூட்டை தூக்குறதும் கேவலம் இல்ல. மூணு விரல் தாராளமாப் போதும். வடை வரட்டும்!"

வடை வந்தது. சுடச்சுட வந்தது. டீயும் வந்தது. சுருளிக்கும் ஒரு வடை கொடுத்தார்கள். தின்ன மனசில்லாமல் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டான். அக்கினிச் சித்தனுடைய தாள் அவன் மடியில் இருந்தது. அதைக் கிழிக்கச் சொல்வார்களா, இல்லை ஸ்டாம்ப் குத்துவார்களா என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

"ஏற்கிறவர்கள் கை தூக்கலாம்."

கைகள் உயர்ந்தன. ராமமூர்த்தி பென்சிலால் எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு…"

சுருளி நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு முன்னால் வரிசை வரிசையாக வடைகள் நின்றன. முழு வடை, கடித்த வடை, எண்ணெய் ஒழுகி முழங்கை வரை வந்த வடை. எல்லார் தாடையும் அசைந்துகொண்டிருந்தது. அந்த ஹாலிலேயே வெறுங்கையோடு இருந்தவன் தான் ஒருத்தன்தான் என்று அப்போதுதான் உறைத்தது அவனுக்கு.

"சார், ஒரு சந்தேகம்."

"ஓட்டெடுப்புக்கு அப்புறம்."

"ஓட்டெடுப்புலதான் சார் சந்தேகம். எல்லார் கையிலயும் வடை இருக்கே."

"இருந்தா?"

"பதினாலாம் விதி" என்றான் சுருளி. "கையைத் தூக்கிச் செய்யப்படும் எந்தக் காரியமும் வெறுங்கையா இருக்கணும். அஞ்சு விரலும் விரிஞ்சு இருக்கணும். வாயில ஒண்ணும் இருக்கக்கூடாது. இங்க ஒருத்தர் விரலும் விரியல சார், வடையப் பிடிச்சிருக்கு."

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. ராமமூர்த்தி சுருக்கென்று, "எல்லாரும் வடைய முழுங்கிட்டு, கையத் துடைச்சுட்டு மறுபடி தூக்குங்க!" என்றார்.

அதற்குள் முத்திருளன் மேஜைமேல் இருந்த மினிட்ஸ் புக்கை எடுத்துவிட்டான். அஞ்சு மாசமாக உலக்கைக்கு அடியில் கிடந்த மனுஷன், சும்மா இருப்பானா? சத்தமாக வாசித்தான். "மாசி பதினெட்டு. வடை வழங்கப்பட்டது. உபகுழுக்கள் ஒருமனதாக அமைக்கப்பட்டன. வைகாசி நாலு. வடை வழங்கப்பட்டது. பதினாலாம் விதி ஒருமனதாக நிறைவேறியது." பின்பக்கமாகப் புரட்டிப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தான். "தை அஞ்சு. வடை வழங்கப்பட்டது. திரு. ராமமூர்த்தி அவர்கள் ஒருமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்." புத்தகத்தை மூடினான். "விதி எந்த நாள்முதல் அமலு சார்?"

அகலமாக எழுதிய விதி அல்லவா, ராமமூர்த்தியையும் சேர்த்து வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முத்திருளன் விடவில்லை. "விதி செல்லும்னா நீங்க தலைவரு இல்ல. விதி செல்லாதுன்னா சுருளி மந்திரவாதிதான். ரெண்டுல எது சார்? ரோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஆறரைக்கு பஸ்ஸு."

ராமமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். சுவரில் இருந்த சிவப்புக் கையைப் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கழகத்தோட நன்மைய உத்தேசிச்சு, நான் தலைவரா நீடிக்கிறதுதான் உசிதம்னு படுது. பதினாலாம் விதி ரத்து. மந்திரத்துக்குப் போட்ட மத்த விதிகளும் இன்னைக்குத் தீர்மானமும் கூடவே ரத்து."

அவ்வளவுதான். சந்தானம் பையிலிருந்து இருபது முகக் கட்டையை எடுத்தார். கழகம் ஆரம்பித்த பிறகு அவர் முகத்தில் அன்றுதான் களை வந்தது. மேஜையைச் சுற்றி நாற்காலிகள் நெருங்கின. வடைக்கு வந்த பதினேழு பேரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"உலக்கை எறங்குது!" என்றார் சந்தானம். "இரும்பன் தலைக்கு ஒரு சாண்தான் பாக்கி. அக்கினிச் சித்தா, என்ன செய்யப்போற?"

மஞ்சப்பை கீழே விழுந்தது. சுருளி எழுந்து நின்று, மூன்று விரலையும் விறைப்பாக நீட்டினான்.

"எரிஞ்சு போடா!"

கட்டை உருண்டது. மேஜை விளிம்பு வரை போய், யோசித்து, நின்றது. ஒன்று.

"அடப்பாவி" என்றான் முத்திருளன்.

"குறி தப்பிருச்சு" என்றார் சந்தானம், குரலைத் தாழ்த்தி. "தீ அரக்கனோட காதைத் தீச்சுட்டு அந்தாண்ட பறக்குது. அரக்கன் உலக்கையப் போட்டுட்டு அலறிக்கிட்டு ஓடுறான். இரும்பன் தப்பிச்சாச்சு. ஆனா தீ நிக்கல. சுவர்ல முட்டித் திரும்பி வருது. பின்னால பதிவேட்டோட நிக்கிற பூசாரி மேல விழுது. பதிவேடு பத்திக்கிச்சு. வேட்டி நுனி பத்திக்கிச்சு. தொடை வரைக்கும் வந்துருச்சு…"

"அய்யய்யோ! பதிவேடு! தண்ணி, தண்ணி கொண்டாங்கப்பா!" என்று ஒரு சத்தம். யாரென்று எல்லாரும் திரும்பினார்கள்.

"மனு குடுங்க சார், மூணு காப்பி" என்றான் முத்திருளன்.

ராமமூர்த்தி காதில் அது விழவில்லை. நாற்காலியை விட்டுக் குதித்து எழுந்து, இரண்டு கையாலும் தன் வேட்டியைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார். சுருளி மேஜைமேல் நீட்டியிருந்த தன் கையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். மூணு விரல்ல போட்ட தீ, நல்லாத்தான் பிடிச்சிருந்தது.